பணிப்பெண்ணுக்குச் சட்டப்படி 8 நாள் ஆண்டு விடுப்பா?

“2023 முதல் வீட்டோடு தங்கி வேலை செய்யும் பணிப்பெண்ணுக்கும் வருடம் 8 நாள் சம்பள விடுப்பு கட்டாயம்” என்று மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது. இது உண்மையல்ல. உண்மையாக இருந்திருந்தால் நான்தான் முதலில் மகிழ்ந்திருப்பேன்.

1955 வேலைச் சட்டத்தின் 60E பிரிவு ஆண்டு விடுப்பைச் சொல்கிறது: வேலையில் சேர்ந்து 2 ஆண்டு ஆகாதவருக்கு வருடம் 8 நாள், 5 ஆண்டு ஆகாதவருக்கு 12, அதற்கு மேல் 16. செம்பனைக் குலை வெட்டுகிறவருக்கு இது உண்டு. அவர் மனைவி டவுனில் ஒரு வீட்டில் தங்கிச் சமைத்தால், அவருக்கு இல்லை. சட்டத்தின் முதல் அட்டவணை வீட்டுப் பணியாளரை ஓய்வுநாள், வேலை நேரம், விடுப்பு ஆகிய எல்லாவற்றிலிருந்தும் விலக்குகிறது. 2023இல் மாறியது பெயர்தான். ‘வேலைக்காரர்’ என்பது ‘வீட்டுப் பணியாளர்’ ஆனது. இந்த விலக்கு பெரும் அநியாயம்.

ஆனால் ஒப்பந்தத்தில் விடுப்பு எழுதியிருந்தால் முதலாளி கொடுத்தே ஆகவேண்டும். அதனால் கையெழுத்துக்கு முன், “வருடத்துக்கு எத்தனை நாள், அந்த நாள்களுக்குச் சம்பளம் உண்டா?” என்று கேட்டு எழுதி வாங்குங்கள், அக்கா. ஒரு பிரதி உங்கள் கையில் இருக்கட்டும். சம்பளம் பாக்கி என்றால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். 2021 ஜூன் முதல் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பாதுகாப்பும் உண்டு; முதலாளி பதிந்தாரா என்று கேளுங்கள்.