சுவரில் என்ன படம்?

(முசிறிப் பக்கம் ஒரு கிராமம். மலத்தையும் சிறுநீரையும் உரமாக்கும் கழிப்பறை கட்டி முடியும் நேரம். ஊரார் கொண்டு வந்து கொட்டிய உடைந்த டைல்ஸ், வளையல் துண்டுகள் ஒரு சாக்கு நிறைய. ஓய்வுபெற்ற ஓவிய வாத்தியாரும் கொத்தனாரும்.)

வாத்தியார்: கொத்தனாரே, முன்சுவரைப் பூசிவிடாதீர்கள். ஊரே சேர்ந்து அதில் படம் பதிக்கப் போகிறது.

கொத்தனார்: சார், நம்ம பக்கம் சுவரில் படம் போடுவதே அங்கே எவனும் ஒதுங்கக் கூடாது என்றுதான். பிள்ளையார், சிலுவை, பிறை மூன்றையும் வரிசையாகப் பதித்தால் ஒருத்தன் வர மாட்டான்.

வாத்தியார்: அப்போ தலைவர் படம்?

கொத்தனார்: தேர்தல் வந்தால் துணி போட்டு மூடுவார்கள். அவசரத்தில் வருகிறவன் கதவை எங்கே தேடுவான்?

வாத்தியார்: நியூசிலாந்தில் கவகவா என்று ஒரு சின்ன ஊர். 1999ல் ஹுண்டர்ட்வாசர் என்ற ஓவியர் அங்கே பொதுக் கழிப்பறை கட்டினார். டைல்ஸ் செய்தது பள்ளிக்கூடப் பிள்ளைகள். செங்கல், இடித்த பேங்க் கட்டடத்துச் செங்கல்.

கொத்தனார்: பேங்க் செங்கலில் கக்கூஸா? கடன் வாங்கினவன் எவனோ கொடுத்த யோசனை சார் அது.

வாத்தியார்: கேளுங்கள். மலத்தைத் தண்ணீர் விட்டு அடிக்காமல் உரமாக்கு என்று காலமெல்லாம் சொன்ன மனிதர். அவர் பெயருக்கு அர்த்தமே ‘நூறு தண்ணீர்’.

கொத்தனார்: தண்ணீர் ஊற்றாத கக்கூஸுக்கு நூறு தண்ணியா! சரி சார், முசிறியில் படமே போடாமல் ஆளை வர வைத்தார்களே. 2008 வாக்கில் ஒரு தடவை போனால் போகிறவனுக்கே 10 பைசா கொடுத்தார்கள். என் மச்சான் ஒரு நாளைக்கு நாலு தடவை போவான். வயிறு சரியில்லையா என்றால், ‘வேலைக்குப் போறேன்’ என்பான்.

வாத்தியார்: நம்மிடம் பைசா இல்லை. டைல்ஸ்தான் இருக்கிறது.

கொத்தனார்: அப்படியானால் உபயோகமாக ஏதாவது போடுங்கள். உள்ளே மூன்று வழி. முன்னால் ஒன்றுக்கு, நடுவில் ரெண்டுக்கு, பின்னால் நகர்ந்து கழுவ. போனதும் நடுக்குழியில் ஒரு கை சாம்பல். கழுவுகிற தண்ணீர் அதில் இறங்கினால் தெருவே நாறும். அதைப் படமாகப் போடுங்கள்.

வாத்தியார்: உட்கார்ந்திருக்கும் ஆளையா? முகத்துக்கு எங்கே போவது?

கொத்தனார்: முதுகு மட்டும் போடுங்கள்... வேண்டாம், பிரசிடெண்ட் முதுகு என்று சொல்லிவிடுவார்கள்.

வாத்தியார்: (சாக்கைக் கிளறி, பச்சை வளையல் துண்டு ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்க்கிறார்) வாழை! சிறுநீரில் தண்ணீர் கலந்து வாழைக்குத்தானே விடப் போகிறோம்? வாசலுக்கு இந்தப் பக்கம் ஒரு மரம், அந்தப் பக்கம் ஒரு மரம், குலை தள்ளினபடி.

கொத்தனார்: வாசலில் ரெண்டு வாழைமரமா? மொய்க் கவரோடு வந்து நிற்பார்கள் சார்!

வாத்தியார்: வரட்டுமே. வரத்தானே கட்டுகிறோம்?

கொத்தனார்: (கரண்டியைக் கீழே வைத்து) சரி சார். பந்தி எங்கே என்று கேட்டால் நீங்கள் பதில் சொல்லுங்கள்.