குடல் சுவர் தடிப்பு என்றாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை

"ஸ்கேன் ரிப்போர்ட்டில் குடல் சுவர் தடித்திருந்தால் புற்றுநோய்தான், பயாப்ஸி (சதைத் துணுக்குப் பரிசோதனை) எடுத்தால் பரவிவிடும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு. கிருமித்தொற்று, இந்தியாவில் இன்னும் பலருக்கு வரும் குடல் காசநோய், குடலில் நீண்டநாள் அழற்சி உண்டாக்கும் க்ரோன்ஸ் நோய், ரத்த ஓட்டக் குறைவு என்று எத்தனையோ காரணங்களால் சுவர் தடிக்கும், அட, சரியாக விரியாமல் சுருங்கிக் கிடக்கும் குடல்கூட ஸ்கேனில் தடிப்பாகத்தான் தெரியும். நன்றாக விரிந்த குடலில் சுமார் 3 மி.மீ. வரை இயல்பு. நீளமாக, சீராகத் தடித்திருந்தால் பெரும்பாலும் அழற்சி. ஒரே இடத்தில் ஒழுங்கில்லாமல் தடித்திருந்தால் சந்தேகம் கூடும், அப்போதும் கொலோனோஸ்கோப்பி (ஆசனவாய் வழியாகக் கேமரா குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது) செய்து சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்துத்தான் சொல்வார்கள். ஸ்கேன் படங்களை விளக்கும் ரேடியோபீடியா இணையதளத்தில் நீங்களே சரிபார்க்கலாம். மலத்தில் ரத்தம், எடைக் குறைவு இருந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பாருங்கள். மாத்திரையில் குணமாகும் காசநோயாளி பயாப்ஸிக்குப் பயந்து வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது, தயவுசெய்து அந்த வாட்ஸ்அப் செய்தியை இனி யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள்.