ரேடன் கிடங்கு காலியாகக் கிடந்த கோடை

உக்ரைன் போர் தொடங்கிய 2022 பிப்ரவரிக்குப் பிறகுதான் ரஷ்யா எரிவாயுவை ஆயுதமாக்கியது என்று இன்னும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2021 கோடையில், ஜெர்மனியின் ரேடன் என்ற சிற்றூரில் அது தொடங்கிவிட்டது.

ரேடனில் தரைக்கு அடியில் சுமார் 2,000 மீட்டர் ஆழத்தில் ஒரு பழைய எரிவாயு வயல். வாயு தீர்ந்த பாறையையே கிடங்காக்கி, ஏறத்தாழ 400 கோடி கன மீட்டர் வாயுவைச் சேமிக்கிறார்கள். ஜெர்மனியின் மொத்தச் சேமிப்புத் திறனில் இது கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. கிரிமியாவை ரஷ்யா விழுங்கிய மறு ஆண்டு, 2015-ல், சைபீரிய வயல்களில் பங்கு வாங்கிக்கொண்டு ஜெர்மனியின் ரசாயன நிறுவனமான பாஸ்ஃப் இந்தக் கிடங்கை ரஷ்ய அரசின் எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோமுக்குக் கொடுத்தது. அரசு தடுக்கவில்லை. என்னைப் பொறுத்தவரை, ரஷ்யாவிலிருந்து ஜெர்மனிக்குக் கடலடியில் போட்ட நார்ட் ஸ்ட்ரீம் எரிவாயுக் குழாயை விடப் பெரிய தவறு இதுதான்.

காரணம் இருக்கிறது. உப்புப் பாறையில் குடைந்த கிடங்கை வேகமாக நிரப்பலாம், வேகமாக எடுக்கலாம். பாறைத் துளைகளில் சேமிக்கும் ரேடன் போன்றவை அப்படியல்ல. ஏப்ரலில் ஆரம்பித்து அக்டோபர் வரை கம்ப்ரஸர் வைத்து மெதுவாக அழுத்த வேண்டும். அந்த மாதங்களைத் தவறவிட்டால் குளிர்காலத்துக்குள் ஈடுகட்ட முடியாது. இருப்பு இறங்க இறங்க அழுத்தமும் இறங்கும், ஒரு நாளில் எடுக்கக்கூடிய அளவும் சரியும். கடுங்குளிரில் எல்லா வீட்டிலும் ஹீட்டர் எரியும் நாளில்தான் அந்தச் சரிவு கழுத்தை நெரிக்கும்.

2021 நவம்பரில் ரேடனில் இருந்தது 10 சதவீதத்துக்கும் குறைவு. காஸ்ப்ரோம் நீண்டகால ஒப்பந்த அளவை அனுப்பிக்கொண்டுதான் இருந்தது, கிடங்கை மட்டும் நிரப்பவில்லை. குறைந்தபட்ச இருப்பு இவ்வளவு வேண்டும் என்று ஜெர்மனியில் அன்று சட்டமே இல்லை. அக்டோபர் 1-ல் 80, நவம்பர் 1-ல் 90 சதவீதம் என்ற விதி போர் தொடங்கிய பிறகு, 2022 வசந்தத்தில்தான் வந்தது.

லித்துவேனியா இதை முன்பே உணர்ந்திருந்தது. 2014 இறுதியில் கிளைபேடா துறைமுகத்தில் 'இண்டிபெண்டன்ஸ்' என்ற எல்.என்.ஜி. (குளிர்வித்துத் திரவமாக்கிய எரிவாயு) இறக்கும் மிதக்கும் முனையக் கப்பலை நிறுத்தியது. கப்பல் வந்து சேரும் முன்பே, அந்த ஆண்டு மே மாதத்தில், காஸ்ப்ரோம் விலையைக் குறைத்தது. இன்னொரு கடை திறக்கப்போகிறது என்று தெரிந்ததுமே பேரம் மாறிவிட்டது.

கடல் இல்லாத நாடு என்ன செய்யும் என்று கேட்பார்கள். 2022-ல் குழாய்வழி எண்ணெய்க்கு விலக்கு தராவிட்டால் ரஷ்ய எண்ணெய் மீதான ஐரோப்பிய ஒன்றியத் தடைக்கு உடன்பட மாட்டோம் என்று ஹங்கேரியின் ஓர்பான் அரசு அடம்பிடித்தபோதும் இதைத்தான் சொன்னது. தடைகளுக்கு ஒன்றியத்தின் 27 நாடுகளும் சம்மதிக்க வேண்டும் என்பதால் விலக்கு கிடைத்தது. கஷ்டம் பொய்யல்ல: ரஷ்ய எண்ணெயைக் கொண்டுவரும் துருஷ்பா குழாயை நம்பிய சுத்திகரிப்பு ஆலைகள் ரஷ்யாவின் யூரல்ஸ் எண்ணெயின் அடர்த்திக்கும் கந்தகத்துக்கும் ஏற்ப அமைந்தவை. வேறு எண்ணெய்க்கு மாற்றப் பணமும் காலமும் தேவை.

ஆனால் அதே துருஷ்பாவின் முனையில் இருக்கும் செக் குடியரசுக்கும் கடல் இல்லை. விலக்குக் காலத்தை அது வேலை செய்யப் பயன்படுத்திக்கொண்டது. இத்தாலியின் திரியெஸ்தே துறைமுகத்திலிருந்து வரும் டால் குழாயின் பம்புகளை மேம்படுத்தப் பணம் போட்டது, ஆண்டுக்கு 80 லட்சம் டன் வரை பெற வழி செய்தது, 2025 ஏப்ரலில் ரஷ்ய எண்ணெய் இனி தேவையில்லை என்று அறிவித்தது. ஹங்கேரிக்குக் குரோஷியாவின் ஓமிஷாலி துறைமுகத்திலிருந்து ஆட்ரியா குழாய் ஏற்கெனவே இருக்கிறது. அந்த வழியின் கட்டணம் அதிகம் என்பது புடாபெஸ்டின் வாதம். கட்டணத்தைப் பற்றிய பேச்சு என்றால் அப்படியே பேசட்டும், அதற்குப் புவியியல் என்று பெயர் வைக்க வேண்டாம்.