சரக்கின் எடையும் சுமந்தவரின் பங்கும்

போதைப்பொருள் கடத்தி வந்து பிடிபட்டவருக்குத் தண்டனை விதிக்கும்போது, கையில் இருந்த சரக்கின் எடையையே முதன்மை அளவுகோலாக வைப்பது நியாயமாகாது என்பது என் உறுதியான கருத்து. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்தில் இதைப் பேச வேண்டிய தேவை நிறையவே இருக்கிறது. பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வணிகம் செய்ய, போன காலத்திலிருந்தே கடல் கடந்து போய்வரும் ஊர்கள் இவை. இன்றும் திருச்சி விமான நிலையம் வழியாகச் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் வேலைக்குப் போய்வருகிற பிள்ளைகள் நம் ஊர்களில் ஏராளம். டிக்கெட் எடுத்துத் தருகிறோம், இந்தப் பையை மட்டும் கொண்டுவந்து சேர்த்துவிடு என்று ஆசை காட்டிக் குருவியாக்குகிறவர்கள், அதாவது கூலிக்குக் கடத்தல் சரக்கைச் சுமக்க வைக்கிறவர்கள், கடனில் தவிக்கும் இத்தகைய பிள்ளைகளைத்தான் தேடிப் பிடிக்கிறார்கள்.

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 23ஆம் பிரிவு, இவற்றை இந்தியாவுக்குள் கொண்டுவருவதைப் பற்றியது. 2001இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு சிறிய அளவு, இடைப்பட்ட அளவு, வணிக அளவு என்று தண்டனை மூன்று படிகளாக இருக்கிறது. ஹெராயின் 250 கிராம், கோகெயின் 100 கிராம், மெத்தாம்பெட்டமைன் 50 கிராம் ஆகியவற்றைத் தாண்டினால் வணிக அளவு. அதற்குக் குறைந்தது 10 ஆண்டு, அதிகபட்சம் 20 ஆண்டு கடுங்காவல், அதனுடன் குறைந்தது ஒரு லட்சம் ரூபாய் அபராதம். கலப்படப் பொருளோடு சேர்த்த மொத்த எடையையே கணக்கில் கொள்ள வேண்டும் என்று 2020இல் ஹீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இதில் என்னை மிகவும் வருத்துவது 32-பி பிரிவு. குறைந்தபட்சத் தண்டனைக்கு மேலே போவதற்கு நீதிபதி எவற்றையெல்லாம் கருதலாம் என்று அது பட்டியலிடுகிறது. கீழே இறங்குவதற்கோ சட்டத்தில் வழியே இல்லை. சரக்குக்குப் பணம் போட்டவருக்கும், கூலிக்காக ஒரே ஒரு முறை பெட்டியைத் தூக்கி வந்தவருக்கும் அதே 10 ஆண்டுதான் அடிமட்டம். போதாக்குறைக்கு, குற்ற மனநிலை இருந்ததாகவே நீதிமன்றம் அனுமானிக்கும் என்கிறது 35ஆம் பிரிவு. பெட்டிக்குள் இருந்தது தெரியாது என்பதைச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கும் சுமை குற்றம் சாட்டப்பட்டவர் தலையில் விழுகிறது. பணம் போட்டவரோ பெரும்பாலும் விமானமே ஏறுவதில்லை.

இங்கிலாந்தில் 2012இல் வந்த தண்டனை வழிகாட்டு நெறிகள், தலைமைப் பங்கு, முக்கியப் பங்கு, சிறிய பங்கு என்று பிரித்து, எடையோடு சேர்த்தே தண்டனையைக் கணிக்கச் சொல்கின்றன. சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் மரண தண்டனை. சுமந்து வந்தவர் மட்டுமே என்றால் ஆயுள் தண்டனையாக்க 2013 முதல் வழி உண்டு என்றாலும், கடத்தலை முறியடிக்கக் கணிசமாக உதவினார் என்று அரசுத் தரப்பு சான்று அளிக்க வேண்டும். மேலிடத்தில் யார் இருக்கிறார்கள் என்றே அறியாத குருவி எதைச் சொல்லிச் சான்று பெறுவது? 42.72 கிராமுக்காக 2022 ஏப்ரலில் தூக்கிலிடப்பட்ட மலேசியத் தமிழர் நாகேந்திரனின் வழக்கை இங்கே பலரும் கலக்கத்தோடு கவனித்தோம்.

பள்ளிப் பிள்ளைகள் கைவரை போதைப்பொருள் வந்துவிட்ட காலத்தில் இப்படிப் பேசலாமா என்று கேட்பவர்களின் கோபத்தை மதிக்கிறேன். சரக்கின் சொந்தக்காரருக்கு 20 ஆண்டு கொடுக்கட்டும். முதல் முறை சிக்கியவர், லாபத்தில் பங்கில்லாதவர் என்று தெளிவானால், காரணத்தை எழுத்தில் பதிந்து 10 ஆண்டுக்குக் கீழே போக நீதிபதிக்கு அதிகாரம் அளிக்கும் திருத்தம் வர வேண்டும். அதுவரை, தண்டனை குறித்துக் கேட்கும் கட்டத்தில் வழக்கறிஞர்கள் வெறுமனே கருணை கோரி நிறுத்திவிடாமல், குடும்பக் கடன், பயணச் செலவைக் கொடுத்தவர் யார் என்பன போன்ற விவரங்களை ஆவணங்களோடு முன்வைக்க வேண்டும். அபராதம் கட்ட முடியாதவருக்கு விதித்த கூடுதல் சிறையை 3 ஆண்டிலிருந்து 6 மாதமாக உச்ச நீதிமன்றமே 2012இல் ஒரு வழக்கில் குறைத்திருக்கிறது. அந்த ஒரு வாய்ப்பையாவது எந்த ஏழைக் குடும்பமும் இழக்கக் கூடாது.