பிடியை இறுக்கினால் கோல்ஃப் பந்து தூரம் போகுமா?

“அடிக்கும் கணத்தில் பிடியை இறுக்கி, தொட்ட பிறகும் பந்தைத் தள்ளுங்கள், உடல் எடை முழுதும் பந்தில் இறங்கி 30 கெஜம் கூடும்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

டிரைவர் எனும் தூர அடிக்கான மட்டையின் முகமும் (பந்தில் படும் தட்டைப் பரப்பு) பந்தும் ஒட்டியிருப்பது ஏறக்குறைய 0.45 மில்லிநொடிதான். அதற்குள் பந்து நசுங்கி, விரிந்து, சுமார் 2 சென்டிமீட்டர் நகர்ந்து பிரிந்துவிடுகிறது. அந்த நேரத்தில் சராசரியாக 700 கிலோ எடைக்கு ஈடான விசை பந்தின் மேல் விழுகிறது. கை 5 கிலோ அளவுக்குக் கூடுதலாகத் தள்ளினாலும் அதன் பங்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை. மோதலை உணர்ந்து கை இறுகுவதற்குள் பந்து பல மீட்டர் போயிருக்கும்.

மோதுவது உடல் அல்ல, சுமார் 200 கிராம் எடையுள்ள மட்டையின் தலை. பந்து அதிகபட்சம் 45.93 கிராம்; கோல்ஃப் விதிகளை வகுக்கும் அமைப்புகளான யுஎஸ்ஜிஏ, ஆர்&ஏ விதிகளில் பார்க்கலாம். நொடிக்கு 45 மீட்டரில் வரும் தலை, நடுமுகத்தில் பட்டால் பந்தை நொடிக்கு ஏறக்குறைய 67 மீட்டர் வேகத்தில் அனுப்பும். வேகத்தை அளக்கும் லாஞ்ச் மானிட்டர் கருவியில் பந்தின் வேகத்தைத் தலையின் வேகத்தால் வகுத்துப் பாருங்கள்: நல்ல அடியில் 1.48 வரும். பிடியை இறுக்கியும் அடித்துப் பாருங்கள், அந்த எண் ஏறாது.

முன்கூட்டியே இறுக்கினால் மணிக்கட்டு விறைத்து, தலை தாமதமாகி, வலக்கை ஆட்டக்காரருக்கு மட்டையின் முகம் வலப்பக்கம் திறந்தே நிற்கும். பந்து வலப்பக்கம் ஓடும். அடித்த பிறகு கையை முழுதாக வீசி முடிப்பது நல்ல பழக்கம்தான். மோதலுக்கு முன்பே வேகத்தைக் குறைக்கவில்லை என்பதற்கு அது அடையாளம்.

புதிதாகக் கற்பவர்களின் மணிக்கட்டைக் கெடுக்கும் இந்தச் செய்தியை தயவுசெய்து மேலும் அனுப்பாதீர்கள்.