அந்த முதல் வகுப்பை விட்டுவிடாதீர்கள்

எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தங்கச்சி ஒருத்தி இந்த வருடம் கெம்பஸ் போயிருக்கிறாள். நேற்று போன் பண்ணி, "அண்ணா, அந்த அறிமுக வகுப்புக்கெல்லாம் கட்டாயம் போகணுமா? சைன் வச்சிட்டு வந்தா போதும்னு சீனியர்ஸ் சொல்றாங்க" என்றாள். எனக்குப் பகீரென்றது.

உயர்தரம் வரை நம் பிள்ளைகள் படிக்கும் விதம் தெரிந்ததுதானே. பாஸ்ட் பேப்பர், டியூஷன் நோட்ஸ், கெம்பஸ் கிடைக்குமா என்று முடிவு செய்யும் இசட் புள்ளி. கேள்வி எப்போதும் வேறு யாரோ கேட்பது. நமக்கு விடை மட்டும்தான்.

எனக்கு அது மாறியது பேராதனைப் பல்கலைக்கழகத்தில், முதலாண்டு சமூகவியல் டியூட் வகுப்பில், அதாவது சிறு குழுவாக உட்கார்ந்து பேசும் அறிமுக வகுப்பில். பன்னிரண்டு பேர்தான் இருந்தோம். வீட்டிலிருந்து ஏதாவது ஒரு தாள் கொண்டுவரச் சொன்னார் மெடம். நான் அம்மாவின் சம்பளத் துண்டை எடுத்துப்போனேன். வெளியில் எடுக்கவே கூச்சமாக இருந்தது. "வேலை நாள் பதினேழரைன்னு இருக்கே, அந்த அரை என்ன?" என்று கேட்டார். பறித்த கொழுந்து குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் கணக்குத்தான் போடுவார்கள் என்றேன். "எத்தனை கிலோ என்று யார் முடிவு செய்கிறார்கள்?"

தெரியவில்லை. தோட்டத்து லய வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவன், எனக்குத் தெரியவில்லை.

அந்த வாரமே வீட்டுக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான்; அதற்கு முந்திய ஒற்றை அறைப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவர் அம்மா. மழை நாளில் ஈரத்துக்கு எவ்வளவு கழிப்பார்கள், சாக்குக்கு எவ்வளவு, எந்த மலையில் கொழுந்து கிடைக்காது என்று நடுச்சாமம் வரை சொன்னார். நான் கொப்பியில் எழுதிக்கொண்டே இருந்தேன். பரீட்சைக்கு இல்லாமல் நான் எழுதிய முதல் நோட்ஸ் அதுதான்.

பரீட்சைக்காக மாணவர்களே நடத்தும் குப்பி வகுப்பை நான் குறை சொல்லவில்லை. பெட்ச்காரர்கள் ராத்திரி உட்கார்ந்து சொல்லித் தராவிட்டால் நானும் பாஸ் பண்ணியிருக்க மாட்டேன். ஆனால் குப்பி பரீட்சையோடு முடிந்துவிடும். அந்தப் பன்னிரண்டு பேர் வகுப்பு எனக்கு இன்னும் முடியவில்லை. நாற்பத்தைந்து வயதில், என் மாணவர்களின் வயதுப் பிள்ளை ஒருவரிடம் உட்கார்ந்து சிங்களம் எழுதப் பழகுகிறேன் என்றால் காரணம் அதுதான்.

விரிவுரையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். இருநூறு பேரை ஒரே மண்டபத்தில் உட்கார வைத்து, ஆங்கிலத்தில் பரீட்சை விதிகளை ஓடவிட்டு, அதை அறிமுக வகுப்பு என்று சொல்லாதீர்கள். பத்துப் பத்துப் பேராகப் பிரித்து, தமிழிலும் பேசவிட்டு, வாரம் ஒரு மணித்தியாலம் கொடுத்தாலே போதும். சீனியர்களே, தெரிந்தோ தெரியாமலோ சைன் வைத்துவிட்டு வரச் சொல்லாதீர்கள்.

தங்கச்சியிடம் கட்டாயம் போகச் சொல்லியிருக்கிறேன். போகும்போது அம்மாவின் சம்பளத் துண்டையும் எடுத்துப்போகச் சொன்னேன்.