முகத்தைப் பார்த்துச் சக்கரம் வாங்காதீர்கள்

பழைய போர்ஷே 911 காருக்குச் சக்கரம் தேடுகிறவர்களிடையே ஓயாத வழக்கு ஒன்று உண்டு. அந்தக் காருக்கென்றே செய்த அசல் ஃபுக்ஸ் அலுமினியச் சக்கரம் போட்டால்தான் மரியாதை, நகல் போட்டால் வண்டிக்கே இழுக்கு என்கிறது ஒரு கட்சி. பார்வைக்கு எல்லாம் ஒன்றுதானே, எதற்காக இவ்வளவு காசைக் கொட்ட வேண்டும் என்கிறது இன்னொரு கட்சி. இரண்டு கட்சியும் சக்கரத்தின் முன்பக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டு வாதாடுகின்றன என்பதுதான் என் வருத்தம். சக்கரத்தின் யோக்கியதை அதன் முதுகில் இருக்கிறது.

ஐந்து இதழ் விரித்தாற்போன்ற அந்த வடிவத்தை போர்ஷேயில் வரைந்தவர் ஹைன்ரிஹ் க்ளீ. செய்து கொடுத்தது ஜெர்மனியின் மைனெர்ட்ஸ்ஹாகனில் உள்ள ஓட்டோ ஃபுக்ஸ் ஆலை. 1967 மாடல் 911 எஸ் காரில் முதன்முதலாக வந்தபோது அதன் அகலம் நாலரை அங்குலம், விட்டம் 15 அங்குலம். அழகுக்காக மட்டும் அந்த ஆலையைத் தேடிப் போகவில்லை. எடை குறைய வேண்டும், வலு குறையக் கூடாது என்பதே தேவை. சக்கரம் ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் எடை. அது கனத்தால், மேடு பள்ளத்தில் டயர் சாலையை விட்டு எழும்பி, திரும்பி வந்து ஒட்டுவதற்குள் பிடிமானம் போய்விடும். சுழலும் எடை என்பதால் வேகமெடுக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் அதன் சுமை தெரியும்.

அதனால்தான் உருக்கி வார்க்காமல், சூடேற்றிய அலுமினியக் கட்டியைப் பெரும் அழுத்தத்தில் அச்சில் அழுத்தி உருவாக்கினார்கள். டயர் உட்காரும் வளையத்தையும் அதே துண்டின் ஓரத்தைப் பிளந்து, உருட்டித்தான் எடுத்தார்கள். இப்படி அழுத்தும்போது உலோகத்தின் உள்ளமைப்பு, மரத்தில் நார் ஓடுவதுபோல, சக்கரத்தின் வடிவத்தோடு வளைந்து ஓடுகிறது. வார்ப்பில் அது கிடைக்காது. உருகிய உலோகம் உறையும்போது உள்ளே நுண்ணிய துளைகள் தங்கிவிட வாய்ப்புண்டு. அதை ஈடுகட்ட உலோகத்தைத் தடிமனாக விட வேண்டும், எடை ஏறும். பெரிய பள்ளத்தில் இறங்கினால், அழுத்திச் செய்த சக்கரம் பெரும்பாலும் வளையும். வார்ப்புச் சக்கரத்துக்கு விரிசல் விடும் சுபாவம் அதிகம். வளைந்த சக்கரம் ஸ்டியரிங்கில் அதிர்ந்து சொல்லிவிடும். விரிசல் சொல்லாது.

ஒரு அசலையும் ஒரு மலிவு வார்ப்பு நகலையும் பக்கத்தில் பக்கத்தில் குப்புறக் கவிழ்த்துப் பாருங்கள். அசலின் முதுகில் தயாரிப்பாளரின் முத்திரை, பாக எண், அகலமும் விட்டமும், செய்த மாதமும் ஆண்டும் உலோகத்தில் பதிந்திருக்கும். இதழ்களின் பின்புறம் இறுகி, வழவழவென்று இருக்கும். மலிவு நகலின் முதுகு சொரசொரவென்று, எடையைக் குறைக்கக் குடைந்த பள்ளங்களோடு இருக்கும். எவ்வளவு சுமை தாங்கும் என்று ஓர் எண்கூட இருக்காது. முன்பக்கத்துக்கு மட்டும் பாலிஷ் போட்டு அனுப்பியிருப்பார்கள். அந்தச் சுமை எண் இல்லாத நகலை இனாமாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது என்பது என் கட்சி. 911-இல் எஞ்சின் பின்னால் இருக்கிறது. எடையில் பாதிக்கு மேல் பின் அச்சின் தலையில். வண்டியின் மொத்த எடையை நான்கால் வகுத்துக் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவோம். பின் அச்சின் சுமையில் பாதியையாவது ஒரு சக்கரம் தாங்கியாக வேண்டும்.

நகல் என்றாலே குப்பை என்று நான் சொல்லவில்லை. ஜெர்மனியின் வாகன ஆணையம் தரும் கேபிஏ எண்ணோ, அலாய் சக்கரங்களுக்கான ஜப்பானின் ஜேடபிள்யூஎல் தர முத்திரையோ பெற்ற நகல்கள் இருக்கின்றன. அழுத்தியே செய்த நகல்களும் இருக்கின்றன. அவற்றில் கவனிக்க வேண்டியது பொருத்தம். ஐந்து போல்ட்டும் 130 மில்லிமீட்டர் வட்டத்தில் வந்துவிட்டால் போதாது. போர்ஷேயின் நட் உட்காரும் இடம் உருண்டையானது. பல நகல்களுக்குக் கூம்பு வடிவ நட் வேண்டும். மாற்றிப் போட்டால் ஒரு மெல்லிய வளையம் மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கும், ஓட ஓடத் தளரும். சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப் துளையும், சக்கரம் உள்ளே வெளியே எவ்வளவு தள்ளி உட்காரும் என்ற ஆஃப்செட்டும் கொஞ்சம் விலகினால் டயர் ஃபெண்டரில் உரசும்.

இனி அசல் கட்சிக்கு. ஐம்பது வயதான உலோகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தலைமேல் வைத்துக் கொண்டாடாதீர்கள். அது எத்தனை நடைபாதை ஓரங்களில் இடிபட்டதோ, யார் எப்போது தட்டி நேராக்கினார்களோ, எங்கே வெல்டிங் வைத்தார்களோ! புதுப்பிக்கிறேன் என்று வளையத்தைக் கடைந்து தள்ளினால் உலோகம் மெலிகிறது. பெயிண்டைச் சுட வைக்கும் அடுப்பின் சூடு கட்டுமீறினால், சூட்டுப் பதம் கொடுத்து ஏற்றிய வலு இறங்கிவிடும். வாங்குவதற்கு முன் சாயம் ஊடுருவும் சோதனை செய்து, போல்ட் துளைகளைச் சுற்றியும் இதழ்களின் அடியிலும் விரிசல் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

மெக்னீசியம் என்றால் என் பேச்சு இன்னும் கறாராகும். லம்போர்கினி மியூரா, ஃபெராரி 275 ஜிடிபி, டொயோட்டா 2000 ஜிடி ஆகியவற்றில் வந்தவை மெக்னீசியச் சக்கரங்கள். இறகுபோல் லேசு, ஈரமும் உப்பும் பட்டால் உள்ளுக்குள் அரிக்கும். எக்ஸ்ரே எடுக்காத மெக்னீசியச் சக்கரத்தில் வேகமாகப் போவது உயிரோடு விளையாடுவது. அங்கே நன்றாகச் செய்த அலுமினிய நகலைப் போட்டு ஓட்டுவதில் எந்த இழுக்கும் இல்லை. அசலைப் பத்திரமாகத் துடைத்து அலமாரியில் வையுங்கள்.

911-க்கு என்னைக் கேட்டால், சோதனையில் தேறிய அசல்தான் முதல் தேர்வு. காரணம் பெயர் அல்ல, செய்த முறை. அது கையில் சிக்காவிட்டால் அழுத்திச் செய்து முத்திரை பெற்ற நகல். 1973 911 கரேரா ஆர்எஸ்ஸில் இருந்ததுபோல் முன்னால் ஆறு, பின்னால் ஏழு அங்குல அகலம், 15 அங்குல விட்டத்திலேயே. பதினேழு அங்குலத்துக்குத் தாவினால் டயரின் பக்கச் சுவர் மெலிந்து, அந்த வண்டியின் நிற்கும் தோரணையே கெட்டுப்போகிறது. வார்ப்பு நகல் போட்டிருப்பவர்கள் சாதுவாக ஓட்டுங்கள், பந்தயத் தடத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

விற்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நகலை நகல் என்றே எழுதி விற்றுவிடுங்கள், அதற்கும் வாங்க ஆள் இருக்கிறது. முன்பக்கப் படம் பத்துப் போடுவதற்குப் பதில், ஒவ்வொரு சக்கரத்தின் பின்பக்கத்தையும் முத்திரை தெரியும்படி ஒரு படம் போடுங்கள். அந்தப் படத்தை அனுப்ப மறுக்கிறவரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.